‘டூ’ என்ன செய்கிறது?

முதலாண்டு ஆங்கில வகுப்பில் நடந்தது இது. பாடத்தில் வந்த ஒரு சொல்லின் பொருள் தெரியுமா என்று ஆசிரியர் என்னைக் கேட்டார். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழிலேயே முடித்துவிட்டு, கிராமத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் மாணவன் நான். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் விடை கூற வேண்டும் என்றெண்ணி எழுந்து நின்று, ‘ஐ நோ நாட்’ என்றேன். தெரிவதற்கு ஒரு சொல், இல்லை என்பதற்கு ஒரு சொல்; ‘தெரியவில்லை’ என்று நாம் சொல்லும் அதே வரிசை. பின் பெஞ்சில் எழுந்த சிரிப்பு முன் பெஞ்சு வரை வந்து சேர்ந்தது. ‘ஐ டூ நாட் நோ’ என்று திருத்திவிட்டு ஆசிரியர் பாடத்தைத் தொடர்ந்தார். அந்த ஆண்டு முழுவதும் அவ்வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

வாய்தான் மூடியிருந்தது. மனத்துக்குள் ஒரு கேள்வி கிடந்து உறுத்தியது. ‘டூ’ என்றால் ‘செய்’ என்று ஆறாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒன்று தெரியாமல் இருப்பதில் ‘செய்வதற்கு’ என்ன இருக்கிறது? நான் வரலாறு பயில்பவன். அரசர்களுக்கு மட்டுமா வரலாறு? சொல்லுக்கும் உண்டல்லவா? இரண்டாண்டுகளாக நூலகத்தில் ஓய்வு நேரங்களில் தேடிக் கண்டதை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு வியப்பு. ‘டூ’ என்னும் வினைக்கு ஆதியில் ‘செய்’ என்பது பொருளன்று. ‘வை’, ‘இடு’ என்பதே பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இது ‘டோன்’ என வழங்கியது. ஜெர்மன் மொழியின் ‘டூன்’ இதன் உடன்பிறப்பு. வடமொழியில் ‘வைக்கிறான்’ எனப் பொருள்படும் ‘ததாதி’யும் இதே வேரில் கிளைத்ததுதான். அந்த வடமொழி வினையிலிருந்து பிறந்த இரு சொற்கள் தமிழில் அன்றாடம் புழங்குகின்றன. ஒன்று ‘நிதி’, அதாவது வைக்கப்பட்ட பொருள். மற்றொன்று ‘விதி’, அதாவது வகுத்து வைக்கப்பட்டது. ஆங்கிலத்திலும் இதே வேரிலிருந்து ‘டூம்’ என்றொரு சொல் வந்தது. முதலில் அதற்குச் சட்டம், தீர்ப்பு என்று பொருள். பின்னர் தலைவிதி, அழிவு என்று பொருள் இருண்டது. நம் ‘விதி’யும் சட்டத்தைக் குறிக்கிறது, தலையெழுத்தையும் குறிக்கிறது. எங்கோ பிரிந்த இரு கிளைகள் ஒரே மாதிரி பழுத்ததைக் கண்டபோது நூலகத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார். ‘கிங்டம்’, ‘ஃப்ரீடம்’ என்பவற்றின் ஈற்றிலுள்ள ‘டம்’ இந்த ‘டூம்’ தேய்ந்து நின்றதே.

‘இடு’ என்ற பழம்பொருளின் எச்சம் இன்றும் சில இடங்களில் தெரிகிறது. ‘டூ ஆன்’ சுருங்கி ‘டான்’ ஆயிற்று. ஆடை உடுத்துதல் என்று பொருள். ‘சட்டையைப் போடு’ என்று நாம் சொல்வதில்லையா, அது போல. ‘டூ ஆஃப்’ சுருங்கி ‘டாஃப்’ ஆயிற்று, தொப்பியைக் கழற்றுதல். ஷேக்ஸ்பியர் நாடகப் பெயர் ஒன்றில் வரும் ‘அடூ’, வட இங்கிலாந்தில் ‘செய்வதற்கு’ என்று பொருள்பட வழங்கிய ‘அட் டூ’ என்பதன் குறுக்கம்.

பொருள்களை அடுக்கினால் பக்கம் போதாது. ‘அது போதும்’ என்பதற்கும் இந்த வினை உதவும். அறிமுகமாகும்போது சொல்லும் ‘ஹௌ டூ யூ டூ’ என்பதில் இருமுறை வருகிறதே, அவற்றுள் பின்னது ‘எப்படி இருக்கிறீர்’ என்ற வாழ்நிலையைக் குறிப்பது. முன்னதோ பொருளே இல்லாதது. என்னை மாட்டிவிட்டது அந்த முன்னதுதான்!

அது எப்படி வந்தது? பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் ‘டூ’ பிறவினைக்குப் பயன்பட்டது. தமிழிலும் ‘கட்டச் செய்தான்’ என்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலை இராசராசன் ‘கட்டினான்’ என்றாலும், ‘கட்டச் செய்தான்’ என்றாலும் நமக்கு ஒன்றுதான். அவன் கல் சுமக்கவில்லை என்பது யாவரும் அறிந்தது. இவ்வாறு இரண்டுக்கும் வேறுபாடு மங்கும் இடங்களில் ‘செய்தான்’ என்பது பொருளிழந்து வெறுங்கூடாகிறது. செய்யுளில் ஓசை நிரப்பவும் அந்தக் கூடு வசதியாக இருந்தது. 1953இல் இது குறித்துத் தனி நூலே எழுதிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்வர் எல்லேகோர்டு கூறும் விளக்கம் இது. வெல்ஷ் போன்ற கெல்டிய மொழிகளின் சாயல் என்று கருதுவோரும் உளர். எனக்கு எல்லேகோர்டு கூறுவதே பொருத்தமாகப் படுகிறது. தமிழன் என்பதால் இருக்கலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்த வெற்று ‘டூ’ கண்ட இடமெல்லாம் நுழைந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘உண்டார்கள்’ என்பதற்கு ‘டிட் ஈட்’ என்று பல இடங்களில் காணலாம். அழுத்தம் எதுவும் அதில் இல்லை. பிறகு உடன்பாட்டு வாக்கியங்களிலிருந்து அது விலகியது. 1755இல் தம் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில் சாமுவேல் ஜான்சன், தேவையில்லாமல் ‘டூ’ சேர்ப்பதைக் குறையுள்ள வழக்கு என்று கண்டித்தார். ஆனால் வினாவிலும் எதிர்மறையிலும் அது அசையாமல் அமர்ந்துவிட்டது. எழுவாய்க்குப் பின் வினை, அதற்குப் பின் செயப்படுபொருள் என்ற வரிசை ஆங்கிலத்தில் இறுகிப் போனதால், வினாவுக்காக முழு வினையையும் தூக்கி எழுவாய்க்கு முன்னே வைப்பது இடைஞ்சலாயிற்று. முன்னே போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். ‘கேன்’, ‘வில்’ போன்ற துணைகள் இல்லாத வாக்கியத்தில் ‘டூ’ அந்த வேலையை ஏற்றது.

இனி, நண்பர்களே, நான் இரண்டாண்டு தேடியதற்குக் கிடைத்த கூலி. இந்தப் புதிய முறைக்கு எல்லா வினைகளும் உடனே பணிந்துவிடவில்லை. நெடுங்காலம் எதிர்த்து நின்ற ஒரு சிறு கூட்டத்தை எல்லேகோர்டு தனியே பிரித்துக் காட்டுகிறார். அந்தக் கூட்டத்தின் தலைவன் யார் தெரியுமா? ‘தெரியும்’ என்னும் ‘நோ’தான்! ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டனில் ‘ஐ நோ நாட்’ என்று நான் சொல்லியிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் செய்தது பிழையே, மறுக்கவில்லை. ஆனால் அது அறிவீனம் அன்று. நானூறு ஆண்டு தாமதம்.

வெற்று வினை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதா என்றால், அதுவும் இல்லை. ‘கூச்சலிட்டான்’, ‘திட்டமிட்டான்’, ‘சண்டையிட்டான்’ என்பவற்றில் எதை எங்கே இட்டான்? ‘தூங்கிக்கொண்டிருக்கிறான்’ என்பதில் எதைக் கொண்டான்? ‘வந்துவிட்டான்’ என்பதில் எதை விட்டான்? இங்கும் ‘வை’ என்று பொருள்படும் ஒரு வினை, பொருள் தேய்ந்து கருவியாகி நிற்கிறது. நாம் பிறந்ததிலிருந்து பேசுவதால் கேட்பதில்லை, அவ்வளவே. ‘போன் பண்ணு’, ‘ட்ரை பண்ணு’ என்று எந்த ஆங்கிலச் சொல்லையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும் ‘பண்ணு’வை மறந்துவிட வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை சென்ற மாதம் வீட்டுப்பாடத்தில் ‘டிட் யூ வென்ட்’ என்று எழுதிவிட்டுச் சிவப்பு மை வாங்கி வந்தாள். ‘வந்துவிட்டான், வந்துவிடுகிறான், வந்துவிடுவான் என்று சொல்லிப் பார்’ என்றேன். சொன்னாள். ‘காலம் எதில் மாறுகிறது?’ ‘விடு என்பதில்.’ ‘வந்து?’ ‘அது அப்படியே இருக்கிறது, அண்ணா.’ ‘அதே போலத்தான். இறந்தகாலத்தை டிட் சுமந்துவிட்டது. பிறகு கோ எதற்காக வென்ட் ஆக வேண்டும்?’

அவள் அடித்து எழுதினாள். உடனே நிமிர்ந்து, ‘அப்படியானால் யார் வந்தது என்று கேட்க ஹூ கேம் என்கிறார்களே, அதில் மட்டும் ஏன் டிட் காணோம்?’ என்றாள். இதை எங்கள் வகுப்பில் எவரும் கேட்டதில்லை. அங்கே ‘யார்’ என்பதே எழுவாய், வினைக்கு முன்னால் அது தன் இடத்திலேயே நிற்கிறது, வரிசை புரளவில்லை, ஆகவே முன்னே போய் நிற்க ஆள் தேவையில்லை என்றேன். சிறிது யோசித்துவிட்டு, அதையும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.