புது ஊர்த் தண்ணீர்

லண்டனிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த பேரன் மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறான். பாட்டி சொல்கிறார்: “தண்ணி மாறிடுச்சு இல்லியா, ஒத்துக்கல.” அதே வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட தாத்தாவுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் தலைமுறைகளாகச் சொல்லிவரும் இந்தப் பேச்சுக்குள் ஓர் அறிவியல் கேள்வி ஒளிந்திருக்கிறது. தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், வந்தவர் வயிறு மட்டும் ஏன் கெடுகிறது? இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர்கள் படைகளின் மருத்துவர்கள்.

அவர்களுக்குக் காரணம் இருந்தது. கிரிமியப் போரில் (1853–56) மாண்ட ஏறத்தாழ 21,000 பிரிட்டிஷ் படையினரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நோயால் செத்தவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் பதிவேடுகளில் மட்டும் வயிற்றுப்போக்கும் சீதபேதியும் 15 லட்சம் முறைக்கு மேல் பதிவாகியுள்ளன. 40,000 பேருக்கு மேல் அதனால் இறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் டைபாய்டு மட்டும் ஏறத்தாழ 8,000 பிரிட்டிஷ் வீரர்களைக் கொண்டுபோனது. குண்டு பட்டுச் செத்தவர்களின் கணக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆராய்ச்சிக்குப் படையைப் போல வாய்ப்பான கூட்டமும் கிடையாது. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில், ஒரே நாளில், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டில் போய் இறங்குகிறார்கள். ஒரே சமையற்கூடத்தில் சாப்பிடுகிறார்கள். யாருக்கு எந்த நாளில் வயிறு கெட்டது என்று எழுதிவைக்க ஒரு டாக்டர் கூடவே இருக்கிறார்.

ஆனாலும் குற்றவாளி வெகுகாலம் அகப்படவில்லை. 1950களில் பெஞ்சமின் கீன் என்ற அமெரிக்க மருத்துவர் மெக்சிகோவுக்குப் போய்வரும் மாணவர்களின் மலத்தை ஆண்டுக்கணக்கில் சோதித்தார். பெரும்பாலான நோயாளிகளிடம் அறிந்த கிருமி எதுவும் சிக்கவில்லை. ஈ.கோலை மட்டும் ஏராளமாக இருந்தது. அதை யார் சந்தேகிப்பார்கள்? அது நம் எல்லோருடைய குடலிலும் குடியிருக்கும் கிருமி.

சந்தேகித்தவர் ஒருவர் இருந்தார். கொல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினால், நோய் உண்டாக்கும் கிருமியாக இருந்தால் அந்தத் துண்டு நீர் கோத்துப் பலூன்போல உப்பிவிடும். அவ்வளவு எளிய சோதனை. 1956இல் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை கிருமிகளில் சில, காலராக் கிருமியைப் போலவே முயல் குடலை உப்பவைப்பதை அவரும் தோழர்களும் காட்டினார்கள். 1959இல் காலராக் கிருமியே இல்லாமல், அது வளர்ந்த திரவத்தை வடிகட்டிச் செலுத்தினாலே போதும் என்று நிறுவினார்; அப்படியென்றால் ஆளைச் சாய்ப்பது கிருமி கக்கும் நச்சு. இந்தத் துறையே இவ்விரு தாள்களின் மேல் எழுந்து நிற்கிறது. டேயின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அடுத்த முடிச்சு அரேபியக் கடலோரம் ஏடனில் அவிழ்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அங்கே புதிதாகப் போய் இறங்கிய துருப்புகளிடையே வயிற்றுப்போக்கு பரவ, நோயுற்றவர்களின் மாதிரிகள் லண்டன் ஆய்வகத்துக்கு வந்தன. பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் ஒரே வகை ஈ.கோலை, ஓ148 என்று எண்ணிட்ட வகை, இருந்தது. அந்தக் கிருமியை லண்டனில் கையாண்ட ஆய்வக ஊழியர் ஒருவருக்கும் அதே வயிற்றுப்போக்கு வந்தது. ஏடன் பக்கமே போகாதவர் அவர்! “தண்ணீர் மாறியதால்” வந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெர்னார்ட் ரோவும் சகாக்களும் 1970இல் இதை வெளியிட்டார்கள். மறு ஆண்டு, வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் எடுத்த கிருமிகளை ஹெர்பர்ட் டூபான்ட் குழுவினர் அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நோய் வருவதை உறுதிசெய்தார்கள். வியட்நாமிலிருந்து வந்த ஒரு கிருமியும் அதே ஓ148தான்.

டூபான்ட்டின் சோதனையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கிருமி கொஞ்சநஞ்சம் உள்ளே போனால் ஆரோக்கியமான ஆளுக்கு நோய் வரவில்லை. பத்துக் கோடி அளவில் போனபோதுதான் வந்தது. சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவுக்குப் பத்துக் கிருமிகளே போதும். பத்துக் கோடி ஈ.கோலை ஒரு டம்ளர் தண்ணீரில் சாதாரணமாக இருக்காது. சமைத்து மதியம் முழுக்க வெதுவெதுப்பாக மேசையில் கிடந்த சோற்றிலும் குழம்பிலும் சட்னியிலும் அது பெருகும். பாட்டி தண்ணீரைச் சந்தேகித்தார். அதைவிட அதிகம் சந்தேகிக்க வேண்டியது மூடாமல் வைத்த பாத்திரத்தையும், சோப்பு காணாத சமையல் கையையும்தான்.

நேபாளத்தில் வெளிநாட்டவருக்கு நெடுங்காலம் வைத்தியம் பார்த்த டேவிட் ஷ்லிம் என்ற மருத்துவர் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார். “இதைத் தின்னாதே, அதைக் குடிக்காதே” என்று பயணிகளுக்குத் தரும் பட்டியலைக் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் குறைந்ததாக ஆய்வுகளில் தெளிவான சான்று இல்லை. உணவகத்தின் சமையலறை எப்படி இருக்கிறது என்பதே பயணியின் வயிற்றைத் தீர்மானிக்கிறது. அந்த அறை சாப்பிடுகிறவர் கண்ணில் படுவதில்லை.

சரி, தாத்தாவுக்கு ஏன் வரவில்லை?

நோய் உண்டாக்கும் ஈ.கோலை சிறுகுடலின் உட்சுவரில் மெல்லிய மயிரிழைகளால் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால்தான் அதன் நச்சு வேலை செய்யும். நச்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. அதன் குழாயைத் திறந்துவிடுகிறது. உப்பு வெளியே பாய, தண்ணீர் பின்னாலேயே போகிறது. இந்தக் கிருமியை முன்பே பலமுறை சந்தித்த குடல், ஒட்டுவதற்கே இடம் கொடுக்காத எதிர்ப்பொருள்களைச் சுரந்து வைத்திருக்கும். மெக்சிகோவில் தங்கிப் படித்த அமெரிக்க மாணவர்களிடமும் இதைப் பார்த்தார்கள்: தங்கும் காலம் கூடக் கூட வயிற்றுப்போக்கு குறைந்தது.

தாத்தாவின் குடல் அந்தப் பாடத்தைக் கற்றது இரண்டு மூன்று வயதில். மறுபடி மறுபடி வயிற்றுப்போக்கு வந்து, எடை குறைந்து, தப்பிப் பிழைத்துக் கற்றது. பிழைக்காதவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. “எங்க வயிறு எதையும் தாங்கும்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தத் தாங்குதிறனுக்கு விலை கொடுத்தது நம் குழந்தைப் பருவம்.

படைகள் அடுத்துக் கற்ற பாடம் மருந்தைப் பற்றியது. 1990இல் குவைத் நெருக்கடிக்காகச் சவூதி அரேபியாவில் இறங்கிய அமெரிக்கப் படையினரில் சுமார் 2,000 பேரை விசாரித்தார்கள். 57 விழுக்காட்டினருக்கு ஒரு முறையாவது வயிற்றுப்போக்கு வந்திருந்தது. ஐந்தில் ஒருவர் சில நேரம் வேலை செய்ய முடியாமல் படுத்திருந்தார். ஈ.கோலையும் ஷிகெல்லாவும் மீண்டும் முதன்மைக் குற்றவாளிகள். பழைய ஆன்டிபயாடிக்குகள் பலவற்றுக்கு அவை அடங்கவில்லை. அப்போது புதிதான சிப்ரோபிளாக்சசினுக்கு அடங்கின. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே தாய்லாந்தில் பயிற்சிக்குப் போன அமெரிக்க வீரர்களிடம் கண்ட கேம்பைலோபேக்டர் கிருமிகளில் பாதி சிப்ரோபிளாக்சசினுக்கு மசியவில்லை. அசித்ரோமைசினுக்கு மாறினார்கள். 2017இல் வெளியான ஒரு சோதனையில், ஆப்கானிஸ்தான், கென்யா, ஜிபூட்டி, ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளிலிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக்கும் பேதியை நிறுத்தும் லோபரமைடும் கொடுத்தபோது, சோதித்த மூன்று மருந்துகளுமே ஏறத்தாழ ஒரே மாதிரி குணம் தந்தன.

நாளை காவலுக்கு நிற்க வேண்டிய வீரருக்கு அது சரியாக இருக்கலாம். சுற்றுலா வந்தவருக்கும் பேரனுக்கும்? பின்லாந்தில் அனு கான்டெலே குழு 430 பயணிகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தது. தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில், வயிறு கெடாதவர்களில் 23 விழுக்காட்டினர் பல மருந்துகளை எதிர்க்கும் குடல் கிருமிகளைச் சுமந்து வீடு திரும்பினார்கள். வயிறு கெட்டும் ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களில் இது 47 விழுக்காடு. எடுத்தவர்களில் 80. நெதர்லாந்தில் 2,001 பயணிகளிடம் நடந்த ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது: பயணத்தில் அப்படிப்பட்ட கிருமியைப் பெற்றவர்களில் ஒன்பதில் ஒருவர் ஓராண்டு கழித்தும் அதைச் சுமந்துகொண்டிருந்தார். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளைத் துடைத்தெடுத்துவிடுகிறது. காலியான இடத்தில் மருந்துக்கு அடங்காதது குடியேறுகிறது. மூன்று நாளில் தானே நிற்கும் பேதிக்கு இது மிக அதிகமான விலை.

விலையில்லாத மருந்து வேறொன்று இருக்கிறது. அதுவும் படைகளின் வழியாகத்தான் ஒரு பகுதி வந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் 1947இல் கெய்ரோவில் காலரா பரவியபோது, இழந்த நீரையும் உப்பையும் அளந்து ரத்தக்குழாய் வழியே திருப்பிக் கொடுத்துச் சாவைக் குறைத்தார். பின்னர் பிலிப்பைன்ஸில் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்; அந்தச் சோதனையில் ஐந்து நோயாளிகள் இறந்துபோக, அந்த வழியை அவர் நம்புவதை விட்டுவிட்டார். டாக்காவில் சீட்டோ ராணுவக் கூட்டணியின் பணத்தில் தொடங்கிய காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் அளவைச் சரிசெய்து வெற்றி கண்டார்கள். நச்சு எவ்வளவு குழாயைத் திறந்தாலும், குளுக்கோஸோடு சேர்த்து உப்பை உள்ளே இழுக்கும் குடலின் இன்னொரு வாசல் மூடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்தச் சர்க்கரை-உப்பு நீர் அந்த வாசல் வழியாகத்தான் உயிரைக் காக்கிறது.

1971இல் வங்கதேசப் போர் அகதிகளிடையே காலரா பரவியது. பன்கான் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோக, திலீப் மஹலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். முப்பது விழுக்காடு வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. என்னைப் பொறுத்தவரை இந்த நெடுங்கதை முழுவதிலும் உச்சமான நாள்கள் அவை.

நச்சு கக்கும் இந்த ஈ.கோலை வகைக்கென்று உரிமம் பெற்ற தடுப்பூசி இன்றுவரை இல்லை. உலகில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வயிற்றுப்போக்கு இன்னும் கொல்கிறது.

அடுத்த விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், வீட்டில் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வையுங்கள். சமைத்ததைச் சூடாகவே பரிமாறுங்கள்; மிஞ்சியதை வெளியே கிடக்க விடாதீர்கள். பரிமாறும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிறு கெட்டால் ஓ.ஆர்.எஸ்ஸும் உப்புப் போட்ட கஞ்சியும் கொடுங்கள்; குழந்தைக்கு லோபரமைடு கொடுக்கவே வேண்டாம். மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், சிறுநீர் வற்றுவது, குழந்தை துவண்டு போவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். அதற்கு முன்பு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துத் தரும் ஆன்டிபயாடிக் பட்டையை மட்டும் வாங்கி வராதீர்கள்.