முதல் சால்மனும் உப்புநீர் விளக்கும்

ஒருகொடவத்தைக் கடையில் 'சமன் ரின்' என்று கேட்டு வாங்குகிறோம். உள்ளே பெரும்பாலும் வேறு மீன்தான். அசல் சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பூர்வகுடிகள் பலர், பருவத்தின் முதல் சால்மனை வரவேற்றுச் சமைத்து, ஊரோடு பகிர்ந்து உண்டு, முள்ளை ஆற்றிலேயே விடுவார்கள். நன்றி மறந்தால் மீன் திரும்பாது என்பது அவர்கள் நம்பிக்கை.

நமக்கு இது அந்நியமல்ல. வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கிறோம். முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கெரியும். பிறகு அது நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போகும். எண்ணெய்க்குப் பதில் உப்புநீர்!

ஆனால் சடங்கு மட்டும் வலையைக் காக்காது. வாஷிங்டன் மாநிலத்தில், தம் பழைய இடங்களில் மீன்பிடித்த பூர்வகுடியினர் 1960களில் கைதானார்கள். 1974 பெப்ரவரியில் நீதிபதி ஜோர்ஜ் போல்ட், 1850களின் உடன்படிக்கைகளை வைத்து, பிடிக்கக்கூடிய மீனில் பாதிவரை அவர்களுக்குரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றமும் அதைப் பெருமளவு ஏற்றது. அவர்களிடம் எழுத்து இருந்தது.

2009 மே மாதத்தில் நந்திக்கடலோரம் என்ன நடந்தது என்று வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. 2017இல் அதே நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வந்தது. அங்கே இறால் பிடிப்பவர்களிடம் அப்படியொரு உடன்படிக்கை இல்லை. அப்பு வலை வீசிய இடத்தைத்தான் கைநீட்டிக் காட்டமுடியும்.