மயில் எழும்புகிறது, மனிதன் ஏன் எழும்ப முடியாது?

விராலிமலையில் சாயங்காலம் நின்றால் பார்க்கலாம். தோகையை இழுத்துக்கொண்டு நடக்கும் ஆண் மயில் சட்டென்று எம்பி, படபடவென்று சிறகடித்து மரக்கிளையில் போய் உட்காரும். 4 முதல் 6 கிலோ எடை. பறக்கும் பறவைகளில் இது கனமான வகை. அதனால்தான் நெடுந்தூரம் பறப்பதில்லை.

அப்படியானால் 60 கிலோ மனிதன்? உருவம் இரண்டு மடங்கானால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்கு. தசை பலம் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. போதாக்குறைக்கு, பறவையின் பலம் நெஞ்சில், நம் பலம் காலில்.

பூச்சி மாதிரி அடித்தால்? கொசு நொடிக்குச் சில நூறு முறை சிறகடிக்கும். அதன் சிறகு அத்தனை சிறியது. நம்மைத் தூக்கும் அளவு இறக்கையை அந்த வேகத்தில் ஆட்டினால் முறிந்தே போகும்.

வழி, பெரிய இறக்கையை மெதுவாக அசைப்பதுதான். 2010 ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் டாட் ரைக்கர்ட் அதைச் செய்தார். ‘ஸ்னோபேர்ட்’ என்ற அந்த ஊர்தியின் இறக்கை விரிப்பு 32 மீட்டர். எடை 43 கிலோவுக்குள். கார் இழுத்துக் கிளப்பியபின், கால் பலத்தாலேயே இறக்கையை அசைத்து 19.3 நொடியில் 145 மீட்டர் பறந்தார். தரையிலிருந்து தானாக எழும்ப மட்டும் அவராலும் முடியவில்லை. என்னைக் கேட்டால், அந்த 19 நொடி மகத்தான சாதனை.