ஜெராய் மலையும் கிளினிக் வரிசையும்

கெடாவின் யான் மருத்துவமனையை மையமாக வைத்து வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டால், கூரூனும் அதற்குள் விழுந்துவிடும். நடுவில் 1,217 மீட்டர் உயரத்துக்கு குனோங் ஜெராய் நிற்பது வட்டத்துக்குத் தெரியாது. சாலையோ குவார் செம்படாக் பக்கமாக மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. 'இத்தனை கிலோமீட்டருக்குள் சிகிச்சை உண்டு' என்ற ஒரே கணக்கை நம்பி, ஒரு வட்டாரத்துக்கு வசதி போதும் என்று முடிவுகட்டுவது ஏழை நோயாளிக்குச் செய்யும் அநீதி. தூரத்தோடு நெரிசலையும் எண்ண வேண்டும். சாலையில் தேங்கும் நெரிசலும் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் நெரிசலும் அதில் சேரும்.

ரப்பர்த் தோட்டக் காலத்தில் டிரெஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார்; அவரிடம் வந்தவர்களும் அந்தத் தோட்டத்து ஆட்கள்தாம். வைத்தியம் சொற்பம், அதைப் போற்றிப் பாட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே தூரமும் கூட்டமும் சேர்ந்தே குறைவாக இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறி, குடும்பங்கள் தாமான்களுக்கு வந்தபின் கிளினிக் பக்கத்தில்தான் இருக்கிறது, வரிசைதான் நீண்டுவிட்டது.

தூரத்தையும் நெரிசலையும் சேர்த்து அளக்க வழி இல்லாமல் இல்லை. வெய் லுவோவும் ஃபாஹுய் வாங்கும் 2003-இல் சிகாகோ வட்டாரத்தை வைத்து ஒரு முறையை விளக்கினார்கள். முதலில் ஒவ்வொரு கிளினிக்கையும் அரை மணி நேரத்தில் எட்டக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, டாக்டர்களின் எண்ணிக்கையை அதால் வகுக்க வேண்டும். பிறகு ஒரு குடியிருப்பிலிருந்து எட்டக்கூடிய கிளினிக்குகளின் விகிதங்களைக் கூட்ட வேண்டும். ஒரு டாக்டருக்கு 2,000 பேர் உள்ள கிளினிக்கும் 8,000 பேர் உள்ள கிளினிக்கும் ஒரே தூரத்தில் இருந்தாலும், இந்தக் கணக்கில் முன்னது பின்னதைவிட நான்கு மடங்கு பெறும். அந்த அரை மணி நேரமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. கார் உள்ளவருக்கு அது ஒரு தூரம், பேருந்துக்குக் காத்து நிற்கும் மூதாட்டிக்கு வேறு தூரம். நெல் அறுவடை நாளில் அறுவடை இயந்திரமும் லோரியும் சாலையை மறித்தால் அது இன்னும் சுருங்கும். 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராயிலிருந்து வெள்ளம் பாறையும் மரமும் சேறுமாக யான் பக்கம் இறங்கியதே, அப்படிப்பட்ட நாளில் வரைபடத் தூரத்துக்கு மதிப்பே கிடையாது.

நெரிசல் நாளுக்கு நாள் மாறுமே, அதை எப்படிக் கணக்கில் வைப்பது என்று கேட்கலாம். நம்பர் கொடுத்த நேரத்தையும் டாக்டர் அழைத்த நேரத்தையும் சில மாதம் குறித்துவைத்தால் வழக்கமும் தெரியும், மோசமான நாளும் தெரியும். நாட்கூலிக்காரருக்கு அந்த மோசமான நாள்தான் முக்கியம். ஒரு நாள் சம்பளம் போனால், இனிப்பு நீர் மருந்துக்கான அடுத்த தேதியை அவர் தள்ளிப்போடுகிறார்.

'சூத்திரம் எதற்கு, இன்னொரு கிளினிக் கட்டுங்கள்' என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் தேவை புதுக் கட்டடமா, இருக்கும் கிளினிக்கில் இன்னொரு டாக்டரா என்பதைத் தூரக் கணக்கு ஒருபோதும் சொல்லாது. அதோடு, தனியார் டாக்டர்களையும் ஒரு வெள்ளி கட்டணத்தில் பார்க்கும் அரசு டாக்டர்களையும் ஒன்றாகக் கூட்டினால், வசதி இல்லாதவருக்கும் வசதி இருப்பதுபோல் காட்டிவிடும். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் தாமான்களுக்கு அரசு கிளினிக்குகளை மட்டும் வைத்துத் தனிக் கணக்கு போட வேண்டும்.