லேப்டாப் திரை இருண்டு விட்டதா? பதறாமல் சோதியுங்கள்

ஒரு நாள் இரவு என் லேப்டாப்பை ஆன் செய்தேன். பவர் விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. மறுநாள் என் மகள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் அதற்குள் இருந்தது. கடைக்குப் போன் செய்தால், பார்க்காமலேயே "டிஸ்ப்ளே போயிருக்கும் சார், 8,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். அன்று நான் வரிசையாகச் செய்து பார்த்தவற்றை இங்கே தருகிறேன். இதற்கு ஸ்குரூ டிரைவர் கூடத் தேவையில்லை.

முதலில் கம்ப்யூட்டர் உண்மையிலேயே இயங்குகிறதா என்று பாருங்கள். கேப்ஸ்லாக் கீயை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் உள்ளே எல்லாம் இயங்குகிறது, திரை மட்டுமே காட்டவில்லை என்று கொள்ளலாம். திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் கீயையும் சில முறை அழுத்திப் பாருங்கள். வெளிச்சத்தைத் தெரியாமல் குறைத்து வைத்துவிட்டுப் பயப்படுபவர்கள் உண்டு.

அடுத்து, விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று கீகளுடன், வி-க்கும் என்-க்கும் நடுவில் உள்ள பி கீயை அழுத்துங்கள். இது கிராபிக்ஸ் டிரைவரை மீண்டும் தொடங்க வைக்கும். பயனில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதே பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள்.

இனி மிக முக்கியமான சோதனை. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் லேப்டாப்பை வீட்டு டி.வி.யுடன் இணையுங்கள். டி.வி.யில் காட்சி தானாக வராவிட்டால், விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு, ஓ-வுக்கு அடுத்துள்ள பி கீயை இரண்டு மூன்று முறை தட்டி, என்டர் தட்டுங்கள். என் வீட்டு டி.வி.யில் டெஸ்க்டாப் பளிச்சென்று தெரிந்தது! உடனே ப்ராஜெக்டை பென் டிரைவில் காப்பி செய்தேன். பாதிக் கவலை தீர்ந்தது. நீங்களும் முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள், பழுதைப் பிறகு பார்க்கலாம்.

டி.வி.யில் படம் வந்தால், பழுது பெரும்பாலும் திரையிலோ, அதற்குச் செல்லும் கேபிளிலோ இருக்கும். அதைப் பிரித்தறிய இரண்டு வழிகள். இருட்டறையில் டார்ச் விளக்கைத் திரை மீது சாய்வாக அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருந்து ஒளி தரும் பேக்லைட் எரியவில்லை என்று அர்த்தம். அடுத்து, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். படம் வந்து வந்து போனால் சந்தேகம் கேபிள் மீது. அது கீல் வழியாகச் செல்வதால், திறந்து மூடித் தேய்ந்து போகும். என் லேப்டாப்பில் நடந்தது இதுதான்.

திரையில் கோடுகள் தெரிகிறதா? ஒரு ஸ்கிரீன் ஷாட் எடுத்து அதை செல்போனில் திறந்து பாருங்கள். அதிலும் கோடுகள் இருந்தால் டிரைவர் அல்லது கிராபிக்ஸ் பகுதியில் கோளாறு இருக்கலாம். படம் சுத்தமாக இருந்தால் கோளாறு திரையில் அல்லது கேபிளில்.

டி.வி.யிலும் ஒன்றும் வராவிட்டால் ராம் அல்லது மதர்போர்டு பழுதாக இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வாரண்டி காலத்தில் எதையும் திறக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் லேப்டாப்பை ஆன் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது.

மறுநாள் வேறொரு கடையில், "மூடியை அசைத்தால் படம் வருகிறது, டி.வி.யிலும் வருகிறது" என்று சொன்னேன். கேபிளை மட்டும் மாற்றினார்கள். முதல் கடை கேட்டதில் நாலில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. கடைக்குப் போகும்போது "திரை தெரியவில்லை" என்று மட்டும் சொல்லாமல், என்னென்ன சோதித்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.