ஐந்து படலையும் ஒரு வரிசையும்

உடுவிலில் பார்சல் கொண்டு போகிறவருக்கு முகவரி பாதிவழிதான் உதவும். மீதிவழி தொலைபேசியில் வரும்: "தம்பி, கோயிலடியில நில்லுங்கோ, பிள்ளையை அனுப்பிவிடுறன்."

காங்கேசன்துறை வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கியதும், செயலி போட்டுக் கொடுத்த வரிசை குலையத் தொடங்கும். எவ்வளவு குலைந்தது என்பதை அளக்க ஒரு கணக்கு உண்டு.

ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் 1, 2, 3, 4, 5. இரண்டாம் வீட்டுக்காரி மகளிர் கல்லூரி ஆசிரியை. பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை படலை பூட்டு. ஓட்டுநர் 1, 3, 2, 4, 5 என்று போகிறார். ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவியதில் ஒரு படி கூடுதல். இரண்டிலிருந்து நான்குக்குப் போனதில் இன்னொன்று. மொத்தம் 2. அதை இரண்டால் பெருக்கி, 5×4, அதாவது 20ஆல் வகுத்தால் 0.2. வரிசை பிசகாமல் போயிருந்தால் 0.

2021இல் அமேசானும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் நடத்திய பார்சல் வரிசைப் போட்டியில் இந்தக் கணக்கு மதிப்பெண்ணின் ஒரு பகுதி. இடம் மாறிய வீடுகளுக்கு இடையிலான பயண நேரத்தையும் அங்கே சேர்த்துப் பார்த்தார்கள். பக்கத்து வீடுகள் முன்பின்னானால் தண்டனை குறைவு. அமெரிக்காவின் ஐந்து பெருநகரப் பகுதிகளில் ஓட்டுநர்கள் உண்மையாக ஓடிய 6,112 பயணங்கள் பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டன. போட்டியின் பெருமை இதில்தான்: கணினி போட்ட வரிசையைத் திருத்தும் விடைத்தாளாக, நன்றாக ஓடி முடித்த ஓட்டுநர்களின் வரிசையையே வைத்தார்கள். வென்ற வில்லியம் குக், ஸ்டெஃபான் ஹெல்ட், கெல்ட் ஹெல்ஸ்கவுன் மூவரும் குறுக்குவழியை மட்டும் தேடவில்லை. ஒரு வட்டாரத்தை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகும் ஓட்டுநர் வழக்கத்தையும் தங்கள் கணக்கில் கட்டுப்பாடாகச் சேர்த்தார்கள்.

வரிசை ஒன்று, பாதை வேறு. பாதையை அளக்க ஜி.பி.எஸ். புள்ளிகளை வரைபடத் தெருக்களோடு பொருத்த வேண்டும். புள்ளி சில மீட்டர் விலகினாலே, நெருக்கமான ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் பக்கத்து ஒழுங்கையில் நிற்பதாகப் பதிவாகிவிடும். அந்தப் பிழையை ஓட்டுநர் தலையில் கட்டுவது அநியாயம். இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே ரயில் கடவை மூடியிருந்தால் சுற்றித்தான் போக வேண்டும். அதற்கும் அவர் பொறுப்பில்லை. ஆகவே எண்ணோடு காரணத்தையும் எழுத ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

இரண்டாம் வீட்டுக்கு எதிரே 'பள்ளிக்கூடம் விட்ட பிறகு' என்று ஓட்டுநர் குறித்துவிட்டால், அடுத்த முறை திட்டமே அந்த வீட்டை மூன்றாவதாக வைக்கும். அவர் அதே வழியில்தான் போவார். கணக்கில் 0 விழும்.