வாங்குபவர் ஒருவர், உடையவர் வேறொருவர்

நாமினியாகப் பெயர் இருந்தால் சொத்து தனக்கே என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

திருமணத்துக்கு முன்பு அந்த வங்கி ஊழியர், பிராவிடண்ட் ஃபண்ட் படிவத்தில் தாயை நாமினியாக்கியிருந்தார். பின்னர் திருமணமானது, படிவம் மாறவில்லை. குழந்தை இல்லாமலே அவர் இறந்துபோக, பணம் யாருக்கு என்ற சண்டையில் மாமியாரும் மருமகளும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2009ல் தீர்ப்பு வந்தது: நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை வாரிசுகள் சட்டப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இது புதிய தத்துவம் அல்ல. ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றி 1983லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வங்கி டெபாசிட்டுக்கு 2010ல் அதே பதில். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க ஃபிளாட் பற்றிய மேற்கு வங்க வழக்கில் 2016ல் சொன்னது: சங்கம் நாமினி பெயருக்கு மாற்றித்தான் ஆக வேண்டும், மற்ற வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்டு வழக்குப் போடத் தடையில்லை.

பங்குப் பத்திரங்களில்தான் குழப்பம் நீடித்தது. நாமினியே உரிமையாளர் என்று 2010ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2016ல் இரு நீதிபதிகள் பெஞ்ச் அதை ஏற்க மறுத்தது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் பெஞ்ச் பக்கமே நின்றது.

அப்படியானால் நாமினி எதற்கு? பணத்தை யாரிடம் கொடுப்பது என்று நிறுவனம் திண்டாடாமல் இருக்க. நாமினியிடம் கொடுத்ததோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. குடும்பத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கணக்கில் வியப்புகள் உண்டு. உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் சுயசம்பாத்தியம் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். தந்தை இந்த முதல் வரிசையில் இல்லை. மகனின் டெபாசிட்டுக்குத் தந்தை நாமினியாக இருந்தால், கையெழுத்துப் போட்டு வாங்கும் பணத்தில் அவருக்கு ஒரு பைசாகூடச் சொந்தமில்லாமல் போகலாம்.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ல் சட்டம் திருத்தப்பட்டது. நாமினி பெற்றோராகவோ, மனைவி அல்லது கணவராகவோ, பிள்ளைகளாகவோ இருந்தால் பணத்தை அனுபவிக்கும் உரிமையும் அவர்களுக்கே என்கிறது திருத்தம். இது வாரிசுரிமைச் சட்டத்தையும் மிஞ்சுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை.

2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக்கலாம். வசதிதான். ஆனால் நான்கு பெயர்கள் சேர்ந்தாலும் உயிலாகிவிடாது.

உயில் எழுதுவது பலரும் பயப்படுமளவுக்குக் கடினமானதல்ல. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். முஸ்லிம்களுக்கு விதி வேறு: மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

நாமினி படிவத்தை வங்கியே நீட்டுகிறது. உயிலுக்கான தாளை நாமேதான் எடுக்க வேண்டும்.